இசை மாணாக்கர் பயிற்சி முறை: பழஞ்சான்றுகள் காட்டும் நெறி

இசை பயில்வார்க்குச் சாதகம் இன்றியமையாதது என்பதை மறுப்பார் இலர். ஆயின் சாதகமாவது யாது என வினவின், விடை ஒருதன்மைத்தாய் அமைவதில்லை. வைகறையில் எழுந்து பல நாழிகை ஓயாது பாடுதலே சாதகம் என்பர் ஒரு சாரார். பயின்ற காலத்தின் மிகுதியே புலமைக்கு அளவுகோல் என்பதும் அவர்தம் கருத்தாகும். இக்கருத்தைத் 'தமிழர் தொன்மரபு' எனவும் அவர் கூறுவர். அம்மரபினை உணர்தற்குக் கிடைக்கும் சான்றுகள் சிலவற்றை ஆராய்ந்து, அவை இக்கூற்றுக்கு அரண் செய்கின்றனவா என்பதைக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காப்பியச் சான்று

சிலப்பதிகார அரங்கேற்று காதை இவ்வாராய்ச்சிக்கு முதற்கண் நிற்பது. மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் மன்னன் அவைக்கண் அரங்கேறினாள் என்பது அக்காதையால் அறியப்படும். ஐந்தாம் ஆண்டில் தண்டியம் பிடிப்பித்துப் பயிற்சி தொடங்கிற்று என்பது உரையால் விளங்கும். ஏழாண்டு என்பது நெடிய காலமே. ஆயினும் அடிகள் அக்காலத்தை ஒரு தொடரிற் கூறி அமைந்து, ஆசிரியர்தம் இலக்கணத்தையே பலவடிகளில் விரித்துரைக்கின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவர் ஆண்டுக் கூறப்படுகின்றனர். பயிற்சியின் சிறப்பு அதன் கால அளவினும் அதனை நெறிப்படுத்துவோர் தகுதியிலேயே மிகுதியும் தங்கியுள்ளது என்பது அடிகள் கருத்துப் போலும்.

தண்ணுமையாசிரியன் இலக்கணம் ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. உடன் இசைக்கும் கருவிகளில் நேரும் குறையை நிரப்பியும், மிகையை அடக்கியும், தன் கைத்திறம் மேற்பட்டுத் தோன்றாவாறு இயக்குபவனே அவன். தன் ஆற்றலைக் காட்டுதற்கு இயன்றவிடத்தும் காட்டாது நிற்றல் பயிற்சியாற் பெறும் பண்பாகும். அரங்கில் குழலின் வழி யாழும், யாழின் வழித் தண்ணுமையும் நின்றன எனக் கூறப்படுதலும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தகும். பிறர் இசையைக் கேட்டு அதன்வழி நிற்கப் பழகாதான், தனித்துப் பன்னாள் முயன்றானாயினும் அவ்வரங்கிற்கு உரியனாகான்.

கானல்வரியிலும் ஒரு குறிப்பு உளது. மாதவி யாழைக் கைக்கொண்டவுடன் பாடத் தொடங்கினாளல்லள். பண்ணல், ஆராய்தல், தைவரல் முதலாய எண்வகைக் கலைத்தொழில்களால் யாழைப் பண்ணுறுத்தி, விரல்களின் இயக்கத்தைச் செவியால் ஓர்ந்த பின்னரே பாட்டு எழுகின்றது. அரங்கேறித் தலைக்கோல் பெற்ற ஒருத்தியும், கேட்பான் ஒருவனேயாகிய கடற்கரையில், இத்தொடக்க முறையைக் கைவிட்டிலள். கருவியையும் செவியையும் முதற்கண் ஒருமைப்படுத்தல் தொடக்க மாணாக்கர்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

2. கல்வெட்டுச் சான்று

காப்பியம் கூறுவது புலவன் கண்ட நெறியாகலாம். வழக்கில் அது நின்றதோ எனின், கல்வெட்டுகள் துணை செய்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் இசைக்கல்வெட்டு ஒன்று உளது. பண்டார்க்கர் இதனை எபிகிராபியா இந்திகா 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். எழுத்தமைதி கொண்டு இது கி.பி. 7ஆம் நூற்றாண்டினது என்பர். மகேந்திரவர்மனே இதனைப் பொறித்தான் என்னும் கொள்கை பலகாலம் வழங்கிற்று. கல்வெட்டில் அவன் பெயர் இன்மையின் அதனை ஐயுறுவாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறாயினும், உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய அரசன் ஒருவன் மாணாக்கர் நலன் கருதி இதனை அமைத்தான் என்பது அதன் இறுதிப் பகுதியாற் பெறப்படும். மன்னன் புகழுக்காக அன்றி, மாணாக்கர்க்காகப் பாறையில் வெட்டிய பாடம் இது.

அப்பாடத்தின் அமைப்பு கருதத்தக்கது. எழுவகைப் பிரிவாக, நான்கு நான்கு சுரங்கள் கொண்ட கூட்டங்களாக அது வகுக்கப்பட்டுள்ளது. ஒரு வரியிலுள்ள கூட்டங்கள் ஒரே சுரத்தில் முடியுமாறு அமைந்து, முன் நிற்கும் சுரங்கள் மட்டும் மாறி மாறி வருகின்றன. சுர எழுத்துகளின் உயிர் வேறுபாடு எதனைக் குறிக்கின்றது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயின் ஒன்று தெளிவு: நீண்ட உருப்படி ஒன்றை முழுமையாக ஆயிரமுறை உருவேற்றும் முறை இதுவன்று. சிறு கூறுகளாகப் பகுத்து, ஒன்றை நிலைநிறுத்தி, ஏனையவற்றை மாற்றிப் பயிலும் முறையே இது. பிற்காலத்துப் புரந்தரதாசர் (1484-1564) வகுத்தனவாக மரபு கூறும் சரளி, சண்டை வரிசைகளிலும் அலங்காரங்களிலும் இவ்வடிப்படையே காணப்படுதலின், இந்நெறி நெடுங்காலம் நிலைத்த ஒன்று எனல் பொருந்தும்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு வேறொரு செய்தி தருகின்றது. முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவனையும் நியமித்து, ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் அளித்தான். அவருள் ஒருவர் இறந்துபடின் அடுத்த உறவினர் அப்பணியைப் பெறுவர். அவர் தகுதியுடையரல்லராயின் தகுதியுடைய பிறரைக் கொண்டு பணி நிகழ்த்தல் வேண்டும். வழிவழி உரிமை மட்டும் போதாது, பயிற்சியால் வருந் தகுதியும் வேண்டும் என்பது இவ்விதியின் கருத்து. அத்தகுதியைக் காத்தற்கு வேண்டும் உணவைக் கவலையின்றிப் பெறச் செய்ததும் அவ்விதியே. பயிற்சி மாணாக்கன் உள்ளுறுதியால் மட்டும் நிகழ்வதன்று. அதனைத் தாங்கும் புறநிலையும் வேண்டும்.

3. இலக்கணச் சான்று

இசைக்கெனத் தனியே கூறாது கல்வி அனைத்திற்கும் பொதுவாகக் கூறியதேனும், நன்னூற் பொதுப்பாயிரம் ஈண்டு விடத்தக்கதன்று. ஆசான் உரைத்ததை நன்கு கொண்டானாயினும் மாணாக்கன் பெறுவது புலமையின் காற்பங்கே எனப் பவணந்தியார் கூறுவார். மற்றொரு காற்பங்கு உடன் பயில்வாரோடு பழகுதலால் வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைத்தலால் நிரம்பும். தனித்திருந்து உருவேற்றுதலை அவர் விலக்கினாரல்லர். பாடத்தைப் போற்றலும் கேட்டவற்றைச் சிந்தித்தலும் அவராற் கூறப்படுவனவே. ஆயின் அவற்றோடு வினாதலும் விடுத்தலும் சேர்ந்தே கல்வியாகின்றது.

4. ஒரு தடையும் விடையும்

இவ்வாறாயின், கடுஞ்சாதகத்தாற் புகழ் பெற்றாரை என் சொல்வது எனின், கனம் கிருஷ்ணையர் வரலாற்றை நோக்குக. பொப்பிலி கேசவையா வழிக் கனமார்க்கத்தைப் பெற்று அவர் அரிதின் முயன்ற வரலாற்றை உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். அம்முயற்சி கடியதே. ஆயினும் அது முன்னரே இசையில் தேர்ந்த ஒருவர், தம் குரலுக்கு இயைந்தது எனத் தெளிந்து, புரவலர் ஆதரவில் மேற்கொண்ட சிறப்புப் பயிற்சியாகும். அதனைத் தொடக்க மாணாக்கர் அனைவர்க்கும் பொதுவிதியாக்கல் ஏற்புடைத்தன்று. மகரக்கட்டு நிகழும் பருவத்துச் சிறுவனை உச்சக்குரலில் ஓயாது பாடச் செய்தல் குரல்நாண்களுக்கு ஊறு விளைக்கும் என இக்கால மருத்துவரும் எச்சரிக்கின்றனர்.

5. முடிபு

சிதம்பரத்தில் 1929இல் இசைக்கல்லூரி தோன்றிற்று. சென்னையில் 1949இல் அரசினர் இசைக்கல்லூரி தொடங்கப்பெற்றது. இவற்றால் சாதி, குடி வேற்றுமையின்றிப் பலர்க்கும் இசைக்கல்வி எளிதாயிற்று. இது பெரும்பேறே. ஆயின் குருகுலத்தில் ஆசான் செவிக்கு எட்டும் இடத்தே நிகழ்ந்த பயிற்சி, இன்று மாணாக்கன் இல்லத்தில் கேட்பாரின்றி நிகழ்கின்றது. பிழையும் உருவேற்றத்தால் உறுதிப்படும். பிழைபட்ட பயிற்சியைத் திருத்துவார் இன்மையின், மேலும் சில நாழிகை கூட்டுதலே வழியென மாணாக்கன் எண்ணுகின்றான். அதுவும் பயன்படாவழித் தனக்கு இசையறிவு பிறவியிலேயே இல்லை என முடிவு கட்டி ஒழிகின்றான். அவனை அவ்வாறு இழத்தற்கு மரபின் பெயரைக் காரணங் காட்டுதல் தகாது.

மேலே கண்ட சான்றுகள் காலத்தானும் இயல்பானும் வேறுபட்டன. அவற்றை ஒரே நூலின் விதிகள் போலத் தொகுத்தல் பிழையாகும். எனினும் அவை ஒருமுகமாகச் சுட்டும் நெறி உளது. பாடத்தைச் சிறு கூறாக்கிப் பயில்க, செவியை முன்னிறுத்துக, உடன் பயில்வாரோடு கூடிப் பயில்க, மிகையை அடக்கக் கற்க என்பதே அது. காலத்தின் அளவு இவற்றின் பின்னர் எண்ணப்படுவதேயன்றி முன்னர் நிற்பதன்று. பாடத்திட்டம் வகுப்போர் உருப்படிகளின் தொகையை வரையறுத்தலோடு அமையாது, மாணாக்கன் வகுப்பிற்கு வெளியே எவ்வாறு பயிலுதல் வேண்டும் என்பதையும் கற்பித்தற்குரிய பாடமாகக் கொள்வாராக. குடுமியான்மலைப் பாறையில் எழுதுவித்த வேந்தன் கருதிய நலனும் அதுவே.