கனிமீடுக்குக் காற்று உண்டா? காவலூர், 1972

போன எபிசோடுல ஆம்பூர் பிரியாணியின் தம் பற்றிப் பேசினோம். மூடி மேல நெருப்பு போட்டு அடைத்த தேக்சாவுக்குள் ஆவிக்கு விரிய இடம் கிடையாது. சூடு ஏற ஏற அழுத்தம் ஏறும். 1700 வாக்கில் கியோம் அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் இதை அளந்தே காட்டிட்டார்: அடைத்து வைத்த குளிர்ந்த காற்றைக் கொதிநீர்ச் சூட்டுக்குக் கொண்டுபோனால், அழுத்தம் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுது.

சரி, மூடியே இல்லாத பாத்திரம்னா? ஒரு கோளின் காற்று மண்டலம் அப்படித்தான். ஈர்ப்பு மட்டும்தான் பிடிச்சு வைக்குது. சூடானால் காற்று இன்னும் உயரமாகப் பரவும். இதை வைத்து நம்ம திருப்பத்தூர் மாவட்டத்திலேயே ஒரு கணக்கு போட்டாங்க. அது தப்பாப் போச்சு. எனக்குப் பிடிச்சதே அந்தக் கதைதான்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலைப் பக்கம் போனால் காவலூர். வைனு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1972இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி புதுசா வந்திருந்தது. ஜூன் 7 அன்று, வியாழனின் நிலாவான கனிமீடு ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்தது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யா அதைப் பதிவு செய்தார். இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பதிவு செய்தார்கள்.

காற்றே இல்லாத நிலா மறைத்தால் நட்சத்திரம் சட்டென்று அணையணும். காற்று இருந்தால் ஒளி வளைந்து, கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். இரண்டு இடத்துப் பதிவிலும் மெல்ல மங்கியது போலத்தான் தெரிஞ்சது. ஒளியின் வளைவு காற்றின் அடர்த்தியைச் சொல்லும். அதோடு வெப்பநிலையையும் சேர்த்தால்தான் அழுத்தம் கிடைக்கும். அப்படிப் போட்ட கணக்கில், நம்ம காற்றழுத்தத்தில் குறைந்தது பத்து லட்சத்தில் ஒரு பங்காவது அங்கே இருக்கணும்னு வந்தது. 1973இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரையாவும் வெளியாச்சு.

1979இல் வாயேஜர் 1 பக்கத்திலேயே போய், புற ஊதா ஒளியில் அதே மாதிரி ஒரு நட்சத்திர மறைப்பைப் பார்த்தது. அழுத்தம் அந்தக் கணக்கைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. பனிக்கட்டி நிலா, பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் மேல் குளிர். அந்தக் குளிரில் பனி எவ்வளவுதான் ஆவியைக் கொடுக்கும்? பின்னால் ஹப்பிள் அங்கே ஆக்சிஜனைக் கண்டுபிடிச்சது, ஆனா ரொம்ப ரொம்ப மெல்லிசு.

இன்னைக்கும் சில கட்டுரைகள் 'கனிமீடின் காற்றைக் கண்டுபிடித்த காவலூர்' என்று மட்டும் எழுதிவிட்டு வாயேஜரை விட்டுவிடுகின்றன. அது நியாயமில்லை. காவலூருக்கு அந்தச் சலுகை தேவையும் இல்லை. 1977 மார்ச் 10, அதே தொலைநோக்கி, அதே முறை. இந்த முறை யுரேனஸ். கோள் மறைக்கிறதுக்கு முன்னாலேயே நட்சத்திரம் சில விநாடி மங்கியது. அது வளையம். அந்தக் கதை அடுத்த வாரம்.