சிந்தனைக் குழுவின் கணக்கை ஒரு வணிகன் பார்த்தால்…

"ஆய்வில் தெரியவந்துள்ளது" என்று செய்தித்தாளில் வந்துவிட்டால் நம் வீடுகளில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஆய்ந்தது யார், அதற்குப் பணம் போட்டது யார், எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. துவரம்பருப்பு வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்கிற நாம், கருத்தை மட்டும் மூட்டையோடு தூக்கி வந்துவிடுகிறோம். நான் பொருளாதாரம் கல்லூரியில் படித்தவனல்ல. மும்பையில் பல வருடம் பேரேடு எழுதியவன். அந்த உரிமையில், அமெரிக்காவின் பெயர்பெற்ற சிந்தனைக் குழு ஒன்றின் கணக்கைப் புரட்டிப் பார்க்கிறேன்.

ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 1973-இல் வாஷிங்டனில் தொடங்கப்பட்டது. பால் வெய்ரிச், எட்வின் ஃபியூல்னர் என்ற இரு அரசியல் ஊழியர்கள் தொடங்கினார்கள். முதல் போட்டவர் பீர் ஆலை அதிபர் ஜோசப் கூர்ஸ். ஆரம்பத்தில் 2,50,000 டாலர் கொடுத்தார். அரசாங்கம் சிறுக்க வேண்டும், வரி குறைய வேண்டும், ராணுவம் வலுக்க வேண்டும் என்பது அதன் கட்சி. அதை அவர்கள் மறைத்ததே இல்லை. ரீகன் 1980-இல் வென்றபோது, அவர் ஆட்சிக்கென்று சுமார் 2,000 யோசனைகள் கொண்ட தடித்த புத்தகத்தைத் தயாராக வைத்திருந்தார்கள்.

சார்பு இருக்கிறது, சரி. சார்பு இருந்தால் சொல்வதெல்லாம் பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாது. எங்கள் சமண நூல்களில் 'நயம்' என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் நின்று பார்ப்பது நயம். மற்ற பக்கமே இல்லை என்று சாதித்தால்தான் அது துர்நயம். ஆகவே சார்பைத் தனியாகவும் கணக்கைத் தனியாகவும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பேச்சு எப்போது மாறுகிறது? எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்ற யோசனையை 1989-இல் முன்வைத்தது இதே ஹெரிட்டேஜ்தான். ஸ்டூவர்ட் பட்லர் எழுதினார். அதே கட்டாயம் 2010-இல் ஒபாமாவின் சட்டத்தில் வந்தபோது ஹெரிட்டேஜ் கடுமையாக எதிர்த்தது. எங்கள் கருத்து மாறிவிட்டது என்று நீதிமன்றத்துக்கே எழுதிக் கொடுத்தது. கருத்து மாறலாம், தப்பில்லை. ஆனால் சரக்கு எதிர்க்கடைக்குப் போன பிறகு "அது சொத்தை" என்று சொன்னால், வாங்க வந்தவன் கொஞ்சம் யோசிக்கத்தானே செய்வான்?

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் ஆவணம் இல்லாமல் வாழ்ந்த 1 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சட்டத் தகுதி தரும் மசோதா 2013-இல் செனட் சபைக்கு வந்தது. அந்த மே மாதம் ஹெரிட்டேஜ் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் வாழ்நாளில் பெறும் அரசுச் சலுகை, சேவைகளின் மதிப்பு 9.4 லட்சம் கோடி டாலர். கட்டும் வரி 3.1 லட்சம் கோடி. துண்டு விழுவது 6.3 லட்சம் கோடி. கழித்தல் சரி. பத்திரிகைகள் 6.3 என்ற எண்ணை மட்டும் தூக்கிப் போட்டன.

அடுத்த மாதமே, இரு கட்சிக்கும் பொதுவான நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் வேறு கணக்குச் சொன்னது. இந்த மசோதாவால் முதல் பத்தாண்டில் பற்றாக்குறை 17,500 கோடி டாலரும், அடுத்த பத்தாண்டில் சுமார் 70,000 கோடி டாலரும் குறையும் என்றது. ஒருவர் நட்டம் என்கிறார், ஒருவர் லாபம் என்கிறார். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. ஹெரிட்டேஜ் எடுத்துக்கொண்டது ஆவணம் இல்லாதவர்களை மட்டும். அலுவலகம் எடுத்துக்கொண்டது மசோதா முழுவதையும். அதன்படி புதிதாக வரப்போகும் தொழிலாளர்கள், அவர்களால் பெருகும் உற்பத்தி எல்லாம் அதில் சேர்த்தி. ஹெரிட்டேஜ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஓய்வூதியமும் முதுமை வைத்தியமும் இருபது வருடம் கழித்துத்தான் கதவைத் தட்டும். இருபது வருடத்தோடு கணக்கை மூடினால் அந்தச் செலவு கண்ணில் படாது.

ஹெரிட்டேஜைத் திருத்த வந்தவர்கள் இடதுசாரிகள் மட்டுமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அரசாங்கம் சிறுக்க வேண்டும் என்று அதே குரலில் பேசும் காட்டோ நிறுவனமே, தனி மனிதரை விட்டுக் குடும்பத்தை அலகாக எடுத்தது தவறு, உழைப்பால் வரும் வளர்ச்சியைச் சேர்க்காதது தவறு என்றது. தன் கட்சிக்காரனே தராசைப் பிடித்து நிறுத்தினால் அந்தச் சாட்சிக்கு எடை அதிகம். இதற்கிடையில் அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர், குடியேறிகளின் அறிவுத்திறன் குறைவு என்று முன்பு பட்ட ஆய்வேட்டில் எழுதியிருந்தது வெளிப்பட்டு, சில நாளிலேயே பதவி விலகினார். அதனால் கூட்டல் கழித்தல் பொய்யாகிவிடாது. ஆனால் எந்தச் செலவைப் பற்றில் எழுதுவது, எந்த உழைப்பை வரவில் எழுதாமல் விடுவது என்று முடிவு செய்தவர் யார் என்பது தெரிந்துவிட்டது.

அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வந்தவர்களை எண்ணிக் காட்டும் கணக்கு மும்பைத் தமிழருக்குப் புதிதில்லை. 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' இதழ், நகரத்து அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் பட்டியலாகப் போட்டது. 1966-இல் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஹோட்டல்களில் கல் விழுந்த கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெயர்களெல்லாம் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வேலைகளுக்கு எத்தனை பேர் மனுப் போட்டார்கள், டைப்பும் சுருக்கெழுத்தும் தெரிந்தவர் எத்தனை பேர், இந்த ஊருக்கு அவர்கள் ஈட்டிக் கொடுத்தது எவ்வளவு? அந்தப் பத்தியே பட்டியலில் கிடையாது. பற்று மட்டும் எழுதி வரவு எழுதாத பேரேடு அது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் ஹெரிட்டேஜுக்கு அநியாயம் செய்தவனாவேன். தான் எப்படிக் கணக்குப் போட்டோம் என்பதை அட்டவணைகளோடு அறிக்கையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதனால்தான் மற்றவர்களால் அதைச் சரிபார்த்துக் குறை சொல்லவே முடிந்தது. செனட் 2013 ஜூன் 27 அன்று மசோதாவை 68-க்கு 32 என்று நிறைவேற்றியது. கீழ்ச்சபையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.