"சமூகக் காரணம்" என்றொரு பதிவு

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் போனாலும் அந்தப் பலகை இருக்கும்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம். இந்தப் பலகை வந்து சேர்ந்த வழி நெடுக, சாகடிக்கப்பட்ட பெண்களை எண்ணியவர்கள் நிற்கிறார்கள்.

1789இல் காசியில் கம்பெனி ரெசிடென்டாக இருந்த ஜோனதன் டங்கன், ராஜ்குமார் என்ற ராஜபுத்திர வம்சத்தாரிடம் 'இனிப் பெண் சிசுக்களைக் கொல்ல மாட்டோம்' என்று எழுதி வாங்கினார். வழக்கம் நிற்கவில்லை. 1870இல் தனிச் சட்டமே போட்டு, சந்தேகப்பட்ட குலங்களில் குழந்தைகளைத் தலை எண்ணினார்கள். எல்லாம் வடக்கே.

நம் பக்கம் 1991 கணக்கெடுப்புதான் உலுக்கியது. நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில், ஆறு வயது வரை, 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே! மறு வருஷமே, வேண்டாத பெண் குழந்தைகளை அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. சரி, மிச்சப் பிள்ளைகள் எங்கே?

பதில் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் கிடந்தது. சிசு மரணத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில், நோய்களின் பெயர்களுக்கு நடுவே, "சமூகக் காரணம்" என்று சுகாதார ஊழியர்கள் எழுதியிருந்தார்கள். கொலை என்று எழுதினால் நாளைக்கு அதே தெருவில் தடுப்பூசிப் பெட்டியோடு நடக்க முடியாது. பொய் எழுதவும் மனசு வரவில்லை. அப்படித்தான் அந்தச் சொல் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்தப் பதிவுகளைக் கூட்டி 1997இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மதுரைப் பக்கத்து உசிலம்பட்டியோடு முடிகிற கதை இல்லை, சேலம், தர்மபுரி வரை நீள்கிறது என்று தெரிந்தது.

அதே தொண்ணூறுகளில், மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ் நகரில் எஸ்தர் சாவேஸ் கானோ செய்தித்தாள்களில் கொலையுண்ட பெண்களைத் தேடித் தேடிக் குறித்துக்கொண்டிருந்தார். அவர் தொழிலே கணக்கு எழுதுவது! 2012இல் லண்டனில் கேரன் இங்காலா ஸ்மித், ஆண்களால் கொல்லப்பட்ட பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். 2016இல் மரியா சல்கேரோ மெக்சிகோ வரைபடத்தில் அங்கே கொல்லப்பட்ட பெண்களைப் புள்ளி புள்ளியாக வைத்தார். இன்று இவர்களைப் பார்த்து இப்படி எண்ணுபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

லண்டன் பட்டியல் பெயர்களால் ஆனது. ஆண்டுதோறும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவற்றை உரக்க வாசிக்கிறார்கள். நம் பதிவேட்டில் இருந்தவர்களுக்குப் பெயர் வைக்கக்கூட யாரும் காத்திருக்கவில்லை.