ஓமந்தூரார்: திரும்பிச் செல்ல ஒரு நிலம்



எமது மதரஸாவில் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் சென்ற மாதம் என்னைக் காண வந்தார். தந்தையின் கடையை விட்டுவிட்டு முழுநேர அரசியலில் இறங்கப் போவதாகக் கூறினார். "மக்களுக்குத் தொண்டு செய்ய நினைப்பவனுக்குக் கடை எதற்கு, ஹஜ்ரத்?" என்று கேட்டார். அவருக்கு நான் நமது மாவட்டத்து ஓமந்தூரின் வரலாற்றைக் கூறினேன். அதையே இங்கும் பகிர்கிறேன்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ஆம் ஆண்டு ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் பி. இராமசாமி ரெட்டியார். ஊரின் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. 1947 மார்ச் 23 அன்று அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்காலத்தில் மாகாண முதலமைச்சரை அவ்வாறே அழைத்தனர். ஆந்திரப் பகுதியும் மலபாரும் உள்ளடங்கிய அப்பெரு மாகாணம், நாடு விடுதலை பெற்ற நாளில் அவர் பொறுப்பிலேயே இருந்தது.

அவர் ஆண்டது இரண்டு ஆண்டுகள் மட்டுமே. அதற்குள் ஒடுக்கப்பட்டோர் கோயில்களில் நுழைய வழிசெய்யும் சட்டமும், பெண்களைத் தேவதாசிகளாக்கும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டமும் 1947-இல் நிறைவேறின. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. இவற்றுள் ஒவ்வொன்றும் செல்வாக்குள்ள யாரோ ஒரு தரப்பைச் சினங்கொள்ளச் செய்யும் செயலாகும். பதவியே பிழைப்பாகக் கொண்டவர் இவற்றைத் தொடத் தயங்கியிருப்பார்.

கட்சிக்குள் ஆதரவு விலகியது. 1949 ஏப்ரல் 6 அன்று பதவி அவரிடமிருந்து குமாரசாமி ராஜாவுக்குச் சென்றது. ஓமந்தூரார் பின்னாளில் வள்ளலாரின் நெறியில் வடலூரில் தங்கி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் கல்விக்கும் உழைத்தார். 1970-இல் மறையும் வரை, பதவியில் இருந்ததைப்போல் பத்து மடங்கு காலம் பதவியின்றி வாழ்ந்தார். இறங்கினால் நிற்பதற்கு அவருக்கு வேறோர் இடம் இருந்தது.

அதே சட்டமன்றத்தில் அவருக்கு எதிரே எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்திருந்தவர் கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். அவர் தோல் வணிகர். பிரிவினைக்குப் பிறகு முஸ்லிம்கள் அஞ்சியிருந்த 1948 மார்ச் 10 அன்று, சென்னை இராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடர்ந்து நடத்த முடிவு செய்தார்கள். அம்மண்டபம் நிற்கும் வளாகம் இன்று ஓமந்தூரார் பெயரால் வழங்கப்படுகிறது. ஆளும் வரிசையில் ஒரு வேளாளர். எதிர் வரிசையில் ஒரு வணிகர். இருவருக்கும் அரசியலுக்கு வெளியே ஓர் அடையாளம் இருந்தது.

நமது மார்க்க வரலாற்றுக்கு இது புதியதன்று. நபி மூஸா (அலை) மத்யனில் ஆண்டுக் கணக்கில் ஆடு மேய்த்த பிறகே ஃபிர்அவ்னின் அவைக்கு அனுப்பப்பட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு மேய்த்தார்கள், வணிகமும் செய்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின்னும் துணிகளைச் சுமந்து கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரலி) போன்ற தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து ஓர் உதவித்தொகையை ஏற்பாடு செய்தனர். மரண வேளையில், பொதுப்பணியால் தம்மிடம் வந்தவற்றைத் திருப்பி ஒப்படைக்கும்படி அவர்கள் சொல்லிச் சென்றார்கள்.

இவ்விடத்தில் என் மாணவர் ஒரு நியாயமான மறுப்பை எழுப்பினார். "காமராசருக்கு என்ன தொழில் இருந்தது?" என்றார். உண்மைதான். சிறுவயதில் மாமனின் துணிக்கடையில் இருந்ததைத் தவிர, அவருடைய வாழ்வு முழுதும் அரசியலே. ஆயினும் 1963-இல் முதலமைச்சர் பதவியைத் தாமாகவே துறந்தார். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களும் அரச குடும்பத்தில் பிறந்தவர்களே. எனினும் ஆட்சிக்கு வந்ததும் தம் சொத்துகளைப் பொதுநிதிக்குத் திருப்பினார்கள்.

ஆகவே, வெளியில் தொழில் செய்தவர் எல்லாம் நல்லாட்சி தருவார் என்றோ, செய்யாதவர் தரமாட்டார் என்றோ நான் கூறவில்லை. வணிகத்தில் ஏமாற்றியவர் ஆட்சியிலும் ஏமாற்றுவார். பதவி போனால் வாழ்க்கையே போய்விடும் என்ற அச்சம் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. அவ்வச்சத்தை நீக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சொந்த உழைப்பால் வரும் உணவு. மற்றொன்று, தேவைகளைக் குறைத்துக்கொண்ட வாழ்வு. காமராசர் இரண்டாவது வழியில் சென்றார். அது மிகச் சிலருக்கே கைகூடும். குடும்பமும் பிள்ளைகளும் உள்ள நம் போன்றோருக்கு முதல் வழியே பாதுகாப்பானது.

"கடையை மூடாதே. காலையில் கல்லாவில் அமர். மாலையில் மக்களிடம் செல். கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்துப் பழகியவன், நாளை மனுவோடு வருபவரை அலைக்கழிக்க மாட்டான்" என்றேன். அவர் விடை கூறாமல் சலாம் சொல்லிச் சென்றார். இன்னும் முடிவு செய்யவில்லை என்று அறிகிறேன். அவருடைய தந்தை நாள்தோறும் தனியாகவே கடையைத் திறக்கிறார்.

ஹலாலான உழைப்பையும், அமானிதத்தைப் பேணும் தலைவர்களையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.