மீளாது என்று சொன்ன சொல்

பேசத் தொடங்கிய குழந்தை பேச்சை இழப்பதற்கு மருத்துவ உலகம் ஒரு பெயரைத் தேடிய வரலாறு, பெரும்பகுதி வியன்னா நகரிலேயே நிகழ்ந்தது. அங்கு வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கான கல்வி நிலையமொன்றை நடத்திவந்த தியோடோர் ஹெல்லர், 1908இல் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். மூன்று நான்கு வயதுவரை மற்றப் பிள்ளைகளைப் போலவே பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். பிறகு அவர்களுடைய இயல்பு மாறியது. சில மாதங்களில் சொற்கள் உதிர்ந்தன. கற்ற பழக்கங்களும் போயின. ஆயினும் முகத்தில் இருந்த அறிவுக்களை மங்கவில்லை என்பதையும் ஹெல்லர் குறித்துவைத்தார்.

இந்நிலைக்கு அவர் இட்ட பெயர் 'டிமென்ஷியா இன்ஃபான்டிலிஸ்', அதாவது குழந்தைப் பருவ அறிவுச் சிதைவு. களை மாறாத முகத்தைக் கண்டவரே சிதைவு என்ற சொல்லையும் தேர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது. முதுமையின் அறிவிழப்புக்கு வழங்கிய சொல் குழந்தையின்மேல் ஏறியபோது, இழந்தது மீளாது என்ற தீர்ப்பும் அதனோடு வந்து ஒட்டிக்கொண்டது.

1938இல் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. யூதரான ஹெல்லர் அவ்வாண்டின் இறுதியில் இறந்தார். 1940 முதல் 1945 வரை அதே வியன்னாவின் 'ஆம் ஷ்பீகல்குருண்ட்' மருத்துவமனையில் ஏறத்தாழ 800 குழந்தைகள் மாண்டனர். பலர் நஞ்சூட்டியும் பட்டினியிட்டும் கொல்லப்பட்டவர்கள். ஹெல்லரின் சொல்லுக்கும் இக்கொலைகளுக்கும் நேர்த்தொடர்பு காட்டுவது நியாயமன்று. ஆனால் 'இக்குழந்தை தேறாது' என்ற மருத்துவரின் ஒரு வரி, அங்கு உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது.

போருக்குப் பின் 1954இல், வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஆந்திரியாஸ் ரெட் தம் காத்திருப்பறையில் ஒரு காட்சியைக் கண்டார். தத்தம் தாயர் மடியில் இரு சிறுமியர் இருந்தனர். இருவரும் கைகழுவுவதுபோல் ஓயாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தனர். வளர்ச்சிக் குறிப்புகளை ஒப்பிட்டபோது இருவரின் கதையும் ஒன்றாயிருந்தது: முதற்சில மாதங்கள் இயல்பான வளர்ச்சி, பின்னர் சொல்லும் போயிற்று, பொருளைப் பற்றும் கைத்திறனும் போயிற்று. பழைய பதிவுகளில் மேலும் ஆறு சிறுமியர் அகப்பட்டனர். ரெட் இச்சிறுமியரைப் படமெடுத்துக்கொண்டு, இவர்களைப் போன்றோரைத் தேடி ஐரோப்பாவில் அலைந்தார். (இவரும் இளமையில் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவரே. பிற்காலத்தில் ஊனமுற்ற குழந்தைகளின் நலனுக்காக உழைத்தவரும் இவரே. இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.)

1966இல் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட கட்டுரை ஏறக்குறைய கவனிக்கப்படாமலே கிடந்தது. ஆங்கிலம் படிக்கும் மருத்துவ உலகம் ஜெர்மனைப் படிக்கவில்லை என்பதே வழக்கமாகக் கூறப்படும் காரணம். அது பாதி உண்மை. 1977இல் அவர் ஆங்கிலத்திலும் எழுதினார். அப்போதும் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இச்சிறுமியரின் இரத்தத்தில் அம்மோனியா மிகுந்திருப்பதாக அவர் கருதியது பிழை. அப்பிழை, மற்ற மருத்துவர்கள் தம்மிடம் வந்த சிறுமியரை இந்நோயோடு பொருத்திப் பார்க்கவிடாமல் தடுத்தது. ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெரி இத்தகைய சிறுமியரை 1960 முதலே தனியாகக் கண்டுவந்தார். அவர் பிரான்ஸ், போர்ச்சுகல் மருத்துவர்களோடு சேர்ந்து 35 சிறுமியரைப் பற்றி 1983இல் ஆங்கிலத்தில் எழுதி, நோய்க்கு ரெட்டின் பெயரையே சூட்டினார். காத்திருப்பறைக் காட்சிக்கும் இதற்கும் இடையில் 29 ஆண்டுகள். அந்த இடைவெளியில் வளர்ந்த சிறுமியரின் பெற்றோருக்குச் சொல்வதற்கு ஒரு நோய்ப்பெயர்கூட இல்லை.

ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் பணியாற்றிய ஹுடா சோக்பியின் குழு, இதற்குரிய எம்.இ.சி.பி.2 என்ற மரபணுவை 1999இல் கண்டறிந்தது. எக்ஸ் குரோமோசோமில் அமைந்த மரபணு அது. ஹெல்லர் கண்டது வேறு நிலை; அது 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஆட்டிசத்தினுள் கரைந்து, தனிப்பெயரை இழந்தது.

'சிதைவு' என்ற சொல்லுக்கு, ரெட் நோயைப் பொறுத்தவரை, மறுப்பு எடின்பரோவிலிருந்து வந்தது. 2007இல் ஏட்ரியன் பேர்டும் அவர் குழுவினரும், இம்மரபணு செயலற்றிருந்ததால் நோயுற்ற சுண்டெலிகளில் அதை மீண்டும் இயங்கச் செய்தனர். நடை தடுமாறி, மூச்சு சீர்கெட்டு, சாகும் நிலையிலிருந்த எலிகளும் தேறின. நரம்பணுக்கள் அழிந்திருக்கவில்லை, செயல்குன்றியே இருந்தன. குழந்தைகளில் அவ்வாறான மீட்பு இன்னும் கைகூடவில்லை. 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான டிரோஃபினெடைடு, அறிகுறிகள் சிலவற்றைத் தணிக்கிறது. மரபணுவை அது தொடுவதில்லை.