விழுந்தோரைத் தாங்கிய திருச்சபை

கி.பி. 250ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் தீசியஸ், குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டுப் பெறவேண்டும் எனக் கட்டளையிட்டான். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் திரளான கிறிஸ்தவர்கள் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினர். அந்நகரப் பேராயராகிய சிப்பிரியான் மறைவிடம் சென்று, நிருபங்கள் வாயிலாகச் சபையை நடத்தினார். அதனால் அவரும் பழிச்சொல்லுக்குத் தப்பவில்லை.

உபத்திரவம் தணியவே, விழுந்தோர் சபையை நாடி வந்தனர். விசுவாசத்தினிமித்தம் பாடனுபவித்தோர் சிலர் தாராளமாக வழங்கிய சமாதானச் சீட்டுகளைக் காட்டினாலே போதும், உடனே திருவிருந்தில் சேர்க்கலாம் என்றனர் ஒரு சாரார். ரோமாபுரியின் நொவாத்தியானோ, அவர்களுக்கான மன்னிப்பைத் தேவனிடமே விட்டுவிடவேண்டும். சபை அவர்களை மீண்டும் ஏற்கலாகாது என்றார். முந்தைய வழி புண்ணை ஆற்றாமல் மூடியது. பிந்தையது புண்பட்டவனையே புறம்பே தள்ளியது.

251இல் கார்த்தேஜில் கூடிய பேராயர் சங்கம் வேறு வழி கண்டது. ஒவ்வொருவர் நிலையும் தனித்தனியே ஆராயப்பட்டது. சீட்டு மட்டும் வாங்கி மனந்திரும்பினோர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பலியிட்டோர் நெடுநாள் மனஸ்தாபத்தில் நிலைத்திருக்க வேண்டியதாயிற்று. எனினும் மரணத்தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் மறுக்கப்படவில்லை. பின்னர், பேரரசன் காலஸின் காலத்தில் மீண்டும் உபத்திரவம் நெருங்குவதாகக் கண்டபோது, மனஸ்தாபத்தோடு காத்திருந்த யாவரையும் சங்கம் ஏற்றுக்கொண்டது. கிறிஸ்துவின் இரத்தத்தில் பங்கு மறுக்கப்பட்டோரை, அவருக்காக இரத்தம் சிந்தும்படி எங்ஙனம் அழைப்பது என்பதே அவர்கள் கூறிய நியாயம்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. திருவிருந்து வென்றோருக்குரிய பரிசாக அன்றி, போராடவேண்டிய பலவீனருக்குரிய போஜனமாக எண்ணப்பட்டது. விழுந்தோரைப்பற்றிய தம் நூலில் சிப்பிரியான், காஸ்துஸ், எமிலியுஸ் என்னும் இருவரை நினைவுகூருகிறார். முதற் சோதனையில் நெருப்புக்கு அஞ்சி மறுதலித்த அவர்களே, இரண்டாம் சோதனையில் நெருப்பை வென்று இரத்தசாட்சிகளாயினர். அந்நாட்களில் கொள்ளைநோய் பரவியபோது, சிப்பிரியான் தம் சபையாரைப் புறமதத்தாருக்கும் பணிசெய்ய ஏவினார். ஒருகால் மறைந்திருந்த அவரும் 258 செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜில் வாளுக்குக் கழுத்தை நீட்டினார்.

போதகராகிய நாம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவேண்டிய வேளைகள் உண்டு. பாவத்தைப் பாவமென்று கூறாத பரிவு ஒருவனையும் வளர்ப்பதில்லை. ஆயினும் விலக்கப்பட்டவனின் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுமோ? அவன் வீட்டுக்கு நாம் செல்லுகிறோமா, அவன் திரும்பிவரும் நாளுக்காகச் சபையை ஆயத்தப்படுத்துகிறோமா என்பதே நம் அன்புக்குச் சோதனை.