வாயில்லாச் சீவனுக்கு வாதி யார்?

வழக்கென்றால் வாதி வேண்டும். முறையிட நாவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத எருதுக்கும் ஒட்டகத்துக்கும் நீதிமன்றத்தின் கதவு எவ்வாறு திறக்கும்? இவ்வினாவை நம் ஃபிக்ஹுச் சட்ட மேதைகள் பல நூற்றாண்டுகட்கு முன்பே எழுப்பி ஆராய்ந்துள்ளனர்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண் நரகுக்குரியவளானாள் என்ற நபிமொழியை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். அது மறுமைத் தீர்ப்பு. இம்மையில் காழி செய்ய வேண்டியது யாது? கால்நடைக்குத் தீனியிடாதவனை, 'தீனியிடு, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்கதாயின் அறுத்துவிடு' எனக் காழி நிர்ப்பந்திக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. அவன் அல்லாஹ்விடம் குற்றவாளியே. எனினும் வழக்காடும் தகுதி பிராணிக்கு இன்மையால் காழி அவனை நிர்ப்பந்திக்க இயலாது என்பது ஹனஃபி மத்ஹபின் முதன்மைக் கருத்து. ஆயினும் அம்மத்ஹபின் பேரறிஞரும் தலைமைக் காழியுமான அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், நிர்ப்பந்திக்கலாம் என்றே கூறியதாக அறிவிக்கப்படுகிறது.

இம்முடிச்சை நடைமுறையில் அவிழ்த்தவர் 'முஹ்தஸிப்' எனும் அங்காடிக் கண்காணிப்பாளர். காழியிடம் வழக்கு வர வேண்டும். முஹ்தஸிபோ முறையீடின்றியே, கண்ணெதிரே காணும் தீமையைத் தடுக்கலாம். தீனியில் குறைவைப்போரையும், தாங்கவொண்ணா வேலை வாங்குவோரையும் அவர் தடுக்க வேண்டும் என்று, 1058-இல் மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) எழுதினார்கள். விறகுச் சுமையோடு வரும் மிருகம் சந்தைத் திடலில் நிற்கும்போது சுமையை இறக்கிவைக்கச் செய்ய வேண்டும். நிற்கையில் சுமப்பது அதற்கு வதை என்று 12-ஆம் நூற்றாண்டின் ஷைஸரீ விதித்தார். எத்துணை நுட்பமான கருணை!

இவர்கட்கெல்லாம் முன்னர், 717 முதல் 720 வரை ஆண்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், மிஸ்று நாட்டில் ஒட்டகத்தின் மீது 1,000 ராத்தல் ஏற்றப்படுவதைக் கேள்வியுற்று, 600-க்கு மேல் ஏற்றலாகாதென ஆணையனுப்பியதாக வரலாறு கூறுகிறது. நாம் வழங்கிய 'ராத்தல்' என்ற சொல்லும் அந்த அரபு 'ரத்ல்' என்பதன் மரூஉவே.

இங்கிலாந்தில் 1822-இல் மார்ட்டின் என்பாரின் முயற்சியால் கால்நடை வதைச் சட்டம் பிறந்தது. அபராதம் 10 ஷில்லிங் முதல் 5 பவுன் வரை. ஆயினும் வழக்குக் கொணர ஆள் வேண்டுமே! அதற்கென 1824-இல் சங்கமொன்று தோன்றி, சந்தைகளுக்குக் கண்காணிப்பாளரை அனுப்பியது. முஹ்தஸிபின் பணி வேறு பெயரில் அங்கே தொடர்ந்தது எனலாம்.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் முதற்குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம் வகுத்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தொகை தன் மதிப்பை இழந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம், தம்மைக் காத்துக்கொள்ள இயலாத விலங்குகளுக்கு நீதிமன்றமே காப்பாளராய் நிற்கும் கடமையுண்டு என்றுரைத்து, தண்டனையை உயர்த்துமாறும் பரிந்துரைத்தது. 2023-இல் அரசியல் சாசன அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டெனக் கொள்ள முன்தீர்ப்பு ஏதுமில்லை என்றது. பழைய வினா இன்னும் ஓயவில்லை!

ஒன்றை மட்டும் நாம் மறவாதிருப்போமாக. வழக்காட இடமில்லை என்ற சட்ட மேதைகளும் குற்றமில்லை என்று கூறினாரல்லர். வண்டியில் பூட்டிய மாடாயினும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கென வாங்கிக் கட்டிய ஆடாயினும், அது நம்மிடம் உள்ள அமானிதம். காழியின் கதவு அடைபட்டிருக்கலாம். வாதியும் சாட்சியும் வேண்டாத மன்றம் ஒன்று உண்டன்றோ!